வெறும் டப்பா

அழகர்கோவில் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பேச்சை ஆரம்பித்ததுமே நான் போனை மூடி வைத்துவிட்டேன்.

"ஒரு தகர டப்பாவால என் மக ஆஸ்திரேலியாவுல அஞ்சு கிலோ ஏறிட்டா, செல்வி."

"டப்பாவாலயா?"

"பக்கத்துப் பண்ணைக்காரம்மா அதுல கேக் குடுத்துச்சு. பூட்டன் காலத்துல இங்கிலாந்துல இருந்து கப்பலேறிப் போயி ஆட்டுப்பண்ணை போட்ட குடும்பமாம். வெறும் டப்பாவத் திருப்பக் கூடாதுன்னு இவ முறுக்கு வச்சுக் குடுத்தா."

"நல்லதுதானக்கா."

"என்னத்த நல்லது. அந்தப் பண்ணைக்காரவுகளும் வெறும் டப்பாவத் திருப்ப மாட்டாகளாம். பிஸ்கட்டோட வந்துருச்சு. இவ அதிரசம் வச்சா, திரும்பக் கேக்கு வந்துச்சு. ஒரு வருசமா ஓடுது. அந்தம்மா புருசனுக்குச் சுகரே வந்துருச்சு, ரெண்டு பேரும் நிறுத்த மாட்டேங்கிறாளுக."

"யாராச்சும் ஒருத்தி வெறும் டப்பாவக் குடுத்தா முடிஞ்சு போச்சு. இதுல என்னக்கா வெக்கம்?"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தன் நிறுத்தம் வந்ததும் செல்வி பையிலிருந்து ஒரு டிபன்பாக்ஸை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"போன வாரம் பணியாரம் குடுத்தீகள்ல, அந்த டப்பா."

அக்கா தூக்கிப் பார்த்தாள். கனத்தது.

"ரவா லட்டு. கொஞ்சமாத்தான் வச்சேன்," என்றபடி செல்வி இறங்கிப் போனாள்.