இருபத்திரண்டாம் தளம் பாஸ்

எனக்கு உயரம் ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்க ஸ்டூலில் ஏறினால்கூட யாராவது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். முப்பத்து நான்கு மாடி எழும்பவேண்டிய கட்டடத்துக்குத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக ஆறு வருஷம் இருந்தவன் நாலாவது மாடிக்கு மேல் ஏறியதே இல்லை என்று பிறகு வேறு யாராவது வந்து சொன்னால், ஓபியடித்தவன் என்று நினைத்துவிடுவீர்கள். நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

நான் மேலே போகவேண்டிய அவசியமும் இல்லை. மாடிகள்தான் என்னிடம் இறங்கி வரும். ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடும்போது, அதே கலவையிலிருந்து ஆறு இரும்பு அச்சுகளில் நிரப்பி எடுப்போம். அரை அடி அகலம், அரை அடி உயரம். அதற்குக் கியூப் என்று பெயர். மறுநாள் அச்சைக் கழற்றி, என் அறைக்குப் பின்னால் இருக்கும் தொட்டித் தண்ணீரில் போட்டு வைப்பேன். ஏழாம் நாள் மூன்று, இருபத்தெட்டாம் நாள் மூன்று என்று லேப்புக்குப் போகும். அங்கே ஒரு மெஷின் அவற்றை அழுத்தி உடைக்கும். எவ்வளவு பாரத்துக்குத் தாங்கியது என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் வங்கி அடுத்த தவணையை விடும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் மேஸ்திரி தளத்தைத் தாங்கி நிற்கும் இரும்பு முட்டுகளைக் கழற்றுவார். கியூப் ஜெயித்தால் தளம் ஜெயித்த மாதிரி. உலகம் முழுக்க அப்படித்தான், நான் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை.

அந்த மேஸ்திரி என் தங்கையின் கணவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நகரத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் தகரம் அடித்து, தகரத்தின் மேல் நீச்சல்குளமும் சிரிக்கும் குடும்பமும் வரைந்து வைத்திருந்தோம். முதலில் கட்டி முடித்தது விற்பனை அலுவலகத்தை. அதற்குள் ஒரு மாதிரி வீடு. கம்பளம், ஏசி, திறந்தால் சுடுதண்ணீர் வரும் குழாய். கடைசிவரை மொத்தக் கட்டடத்திலும் சுவர் இருந்த ஒரே வீடு அதுதான். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினார்கள். முதலாளி அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இன்னொரு நிலம் வாங்கி, அங்கேயும் நாலு பக்கம் தகரம் அடித்தார். ஒன்பதாவது மாடியில் எங்களுக்குக் கையிருப்பு தீர்ந்தது.

அப்போதுதான் வங்கி உள்ளே வந்தது. அவர்களுடைய நிபந்தனை எளிமையானது. ஒரு தளம் போட்டால் ஒரு தவணை. சுவரா, குழாயா, லிஃப்டா, படிக்கட்டுக்குக் கைப்பிடியா என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை இரண்டு பேர் வந்து எதிர்ச்சாரியில் நின்று, கையை நெற்றிக்குக் குடை பிடித்து, கீழிருந்து மேலாக எண்ணிவிட்டுப் போவார்கள். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. கையில் காசு இருந்தபோது ஆறு மாதத்துக்கு ஒரு மாடி ஏறிய கட்டடம், காசு தீர்ந்தபிறகு மாதம் இரண்டு மாடி ஏற ஆரம்பித்தது. எவ்வளவு நொடித்தோமோ அவ்வளவு உயர்ந்தோம். பத்திரிகையில்கூட எங்கள் வேகத்தைப் பாராட்டிப் படம் போட்டார்கள்.

வேகத்துக்கு எங்கிருந்தாவது கிள்ளித்தானே ஆகவேண்டும். சிமெண்டில் கிள்ளினோம். எங்கள் கணக்கருக்கு ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர். கம்பிக் கடைக்காரர் வந்தாலும் தண்ணீர் லாரிக்காரர் வந்தாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார். மனசில் கள்ளமில்லாதவர். அவர்தான் ஒருநாள் என் அறைக்கு வந்து, “முதலாளி கலவையில கொஞ்சம் கம்மி பண்ணிக்கச் சொல்லியிருக்காரு சார். ரெண்டு மாடிக்குத்தான். நாளைக்குச் சரியாயிடும்” என்றார்.

பன்னிரண்டாம் தளத்தின் கியூப் மூன்றும் தோற்றன. நான் நேர்மையாக அந்தத் தாளை அப்படியே அனுப்பினேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி தவணையை நிறுத்தியது. மூன்று வாரம் ஆட்களுக்குக் கூலி இல்லை. சமையல் பாத்திரங்களோடு வந்து கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். என் நேர்மையால் யார் வயிறு நிறைந்தது என்று அன்றைக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவர் காபி கொடுத்தார்.

“எது தோத்துச்சு?” என்று கேட்டார்.

“கியூப் தோத்துடுச்சு சார்.”

“கட்டடம் தோக்கலையே? நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?”

“நிக்குது சார்.”

“அப்ப எதைச் சரி பண்ணணும்? நீங்க படிச்சவர், உங்களுக்கு நான் சொல்லணுமா?”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து கியூபை நானே என் கையால் செய்தேன். மேலேயிருந்து வரும் கலவையைத் தொடவில்லை. உயர்ந்த ரகச் சிமெண்டில் மாதம் ஒரு மூட்டை வாங்கி, என் அறையில் பூட்டி வைத்தேன். மணலை மூன்று தண்ணீரில் அலசினேன். ஜல்லியைச் சலித்து, ஒரே அளவானதாகப் பொறுக்கினேன். அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் முப்பத்தைந்து குத்து குத்துவேன், ஒன்று கூடாமல் குறையாமல். இந்த வேலையில் நான் அலட்சியம் காட்டினேன் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. ஆறு வருஷத்தில் நான் மனதாரச் சந்தோஷமாகச் செய்த வேலை அதுதான். தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்தால் வழவழவென்று இருக்கும். லேப்காரர் ஒருமுறை, “சார், உங்க கியூபை உடைச்சு உடைச்சு எங்க மெஷினே தேய்ஞ்சு போச்சு. இந்த ஊர்லயே உங்க பில்டிங் மாதிரி கிடையாது” என்றார். அந்த வருஷம் தரத்துக்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். முதலாளி அதை மாதிரி வீட்டின் ஹாலில் வைத்தார்.

மேலே என்ன போகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ‘ரெண்டு மாடிக்குத்தான்’ என்று ஆரம்பித்தது பத்து மாடியானது. எனக்கு உயரம் ஆகாது என்று முதலிலேயே சொன்னேனே.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். வேலை போய் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவரை நான்தான் பேசி உள்ளே சேர்த்துவிட்டேன். சென்ட்ரிங் மேஸ்திரி. பலகை அடைப்பது, முட்டுக் கொடுப்பது, காய்ந்தபிறகு முட்டைக் கழற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. கண்ணும் கருத்துமான மனுஷன். முட்டுக் கழற்றும்போது முதல் முட்டை அவர்தான் தட்டுவார், ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு. அவரிடம் இருந்த ஒரே குறை, என்னை முழுசாக நம்பினார். இன்ஜினியர் சொன்னாலும் கேட்கமாட்டார், முதலாளியே வந்து சத்தம் போட்டாலும் கேட்கமாட்டார். எனக்குப் போன் போடுவார். “மச்சான், கியூப் என்னாச்சு?” என்பார். “பாஸ், மாப்பிள்ளை” என்று நான் சொன்னால்தான் சுத்தியல் எடுப்பார்.

பதினைந்தாம் தளத்தின்போது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கே இறங்கி வந்தார். கையில் ஒரு ஆணி.

“மச்சான், தப்பா நினைக்காதீங்க. தளத்துல ஆணி வச்சு அழுத்தினா உள்ள போகுது.”

லேப் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த ஆணியைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“மெஷினே சொல்லுதுன்னா என் ஆணி என்ன பெரிய ஆணி” என்று சிரித்துக்கொண்டே அதை என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் ஆணி வைத்துப் பார்க்கவே இல்லை. அவர் மனசைப் புண்படுத்திவிட்டோமோ என்று எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல.

இந்த வருஷம் முட்டு வாடகைக்காரரும் பொறுமை இழந்தார். லாரியோடு வந்து பாதி முட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ‘நாளைக்கு’ சாரால் அவரைத் தடுக்க முடியவில்லை. அதனால் கீழே இருக்கும் தளத்தின் முட்டைச் சீக்கிரம் கழற்றினால்தான் மேலே அடுத்த தளம் போடமுடியும் என்று ஆகிவிட்டது.

அது ஒரு வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு வங்கிக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணெதிரில் இருபத்து நான்காம் தளத்துக்குக் கான்கிரீட் போட ஆரம்பிக்கவேண்டும். அதற்கு நாற்பது முட்டு குறைந்தது. இருபத்திரண்டாம் தளத்தை அப்போதும் முட்டுகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன, அதற்கு மேல் இருபத்து மூன்றாம் தளத்தின் பாரமும் புதிதாக உட்கார்ந்திருந்தது. காலை ஒன்பது இருபதுக்கு மாப்பிள்ளை போன் செய்தார்.

“மச்சான், இருபத்திரண்டுல மேல ஒரு மாதிரி முனகுற சத்தம் கேக்குது. என்னமோ மனசு ஒப்பல. ரெண்டு நாள் விட்டுக் கழட்டட்டுமா?”

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாமல் சொன்னீர்களா என்று கேட்டு எனக்கு ஒரு வழியும் காட்டுகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் வாக்குமூலம் என்று வந்துவிட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். எனக்குத் தெரியும். அந்தத் தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரியும். ஆனால் ‘ரெண்டு நாள் பொறுங்க’ என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். காரணம் பன்னிரண்டாம் மாடியில் ஆரம்பிக்கிறது. அதைச் சொன்னால் வங்கி போய்விடும், தவணை போய்விடும், நானூறு பேருக்குக் கூலி போய்விடும், மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். என் தங்கைக்கு வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. நான் அவர்களைப் பற்றித்தான் நினைத்தேன்.

“ஏழாம் நாள் கியூப் பாஸ், மாப்பிள்ளை. கழட்டுங்க” என்றேன்.

“நீங்க சொன்னாச் சரி மச்சான்” என்றார்.

ஒன்பது நாற்பதுக்கு என் மேசையிலிருந்த தண்ணீர் தம்ளர் ஆடியது. நான் வெளியே போகவில்லை. வாசல் தெரியாத அளவுக்குத் தூசி. வழக்கம்போல முதல் முட்டை அவரேதான் தட்டியிருக்கிறார். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார், ஆனால் தள்ளி நின்ற இடமும் அதே தளத்துக்குக் கீழேதான். அவரோடு சேர்த்து ஏழு பேர்.

இருபத்தெட்டாம் நாள் என்று ஒன்று இருக்கிறது அல்லவா. அது அந்த வியாழக்கிழமைக்கு ஒரு வாரம் கழித்து வந்தது. தளம் இல்லை, ஆனால் அதன் கியூப் மூன்றும் தொட்டியில் பத்திரமாக இருந்தன. நான் லேப்புக்குக் கொண்டுபோனேன். மூன்றும் பாஸ். அந்தத் தாளை வைத்துத்தான் கம்பெனி தன் அறிக்கையை எழுதியது. கான்கிரீட்டில் குறையில்லை, மேஸ்திரி அவசரப்பட்டு முட்டைக் கழற்றியதே காரணம் என்று. அதில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. மேஸ்திரியின் தவறு என்பதால் அவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கிடையாது. மற்ற ஆறு குடும்பங்களுக்கும் நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் போய் இடிபாட்டிலிருந்து ஒரு துண்டை எடுக்க, அது கையிலேயே உதிர்ந்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கை அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அண்ணா, நெஜமாவே அவரு அவசரப்பட்டுட்டாரா? உங்களக் கேக்காம எதையும் செய்யமாட்டாரே.”

“ஆமாம்மா, அன்னிக்குக் கேக்கல” என்றேன்.

அவள் நம்பினாள். எங்கள் வீட்டில் எல்லோருமே சுலபமாக நம்புகிறவர்கள். நம்பியபிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. செத்துப்போன மற்ற ஆறு பேரின் வீடுகளுக்கும் போய், தன் புருஷன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் இறந்துபோன பையனின் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். இவள் தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை, கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றாள். எனக்குத் தாங்கவில்லை, சார். நான்தான் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

நாலு வீடு முடிந்தது. மீதி இரண்டு வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்து எங்கே போடவேண்டுமோ சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். ஞாயிறு காலைக்குள் மட்டும் என்னை விட்டுவிட முடியுமா என்று பாருங்கள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இந்த நேரத்தில்கூடப் பக்கத்தில் இல்லாவிட்டால் நான் என்ன அண்ணன்?