நிலை சீராக உள்ளது

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும், சார். மருந்துக்கடைக்காரர்களே சொல்வார்கள். கள்ளக்குறிச்சியில் சொந்தமாக மருத்துவமனை வைத்த நாளிலிருந்து யாரையும் அலட்சியமாகப் பார்த்தவனில்லை நான்.

போன வருஷம்தான் ஏஐ வாங்கினோம். நோயாளியின் விவரத்தைக் கணினியில் போட்டால் என்ன நோய், என்ன வைத்தியம் என்று அது சொல்லும். வக்கீல் தமிழரசன் அப்போதே எச்சரித்தார். அது சொன்னதை மீறி வைத்தியம் பார்த்து ஆள் செத்துப்போனால், கோர்ட்டில் நான்தான் பதில் சொல்லணுமாம். அதன்படி நடந்தால் யாரும் கேட்க முடியாதாம். எனக்கு நியாயமாகப் பட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அன்று மாயவனைக் கொண்டுவந்தார்கள். கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்பு வெட்டுகிறவர். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டவர்களே அதைத் தூக்கி நகர்த்தி பைக்குக்கு வழி விட்டார்களாம். அவர் மனைவி நிர்மலா சொன்னார்.

காலில் இரண்டு பல் தடம். ஈறெல்லாம் ரத்தம். கண்ணாடி விரியன் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. கணினி காலின் படத்தைப் பார்த்து, கரும்புத் தோகை கீறிய காயம் என்றது. களிம்பு தடவினேன்.

நர்ஸ் ராதிகா விஷமுறிவு மருந்தை எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். நான் அதைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். கோபப்படவில்லை. அந்த ஊசியைப் போட்டிருந்தால் மாயவன் பிழைத்திருப்பார். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நான் மீறியவன் ஆகியிருப்பேன்.

சாயங்காலம் நாடி நின்றது. மறைக்கிற எண்ணம் எனக்கில்லை. நாடி பூஜ்யம் என்றுதான் பதிந்தேன். கணினி ஏற்கவில்லை, சரியான எண்ணைப் போடவும் என்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தேன். எழுபத்திரண்டு போட்டதும், நிலை சீராக உள்ளது, வீட்டுக்கு அனுப்பலாம் என்றது.

அனுப்பினேன். மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு தரச் சொல்லி நிர்மலாவுக்கு விளக்கினேன்.

"இவுரு மூச்சே வுடலீங்களே, டாக்டரு," என்றார்.

"நல்லாத்தாம்மா இருக்காரு. வெள்ளிக்கிழமை கூட்டிக்கினு வாங்க."

அவர் குனிந்து, புருஷனின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை, சார். சொன்ன நாளில் நோயாளி வராமல் போனால், அதற்கு டாக்டர் எப்படிப் பொறுப்பாக முடியும்?