பிரேமை நான் வளர்த்த விதம்

எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கமும் ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சி நிற்பவன் நான்தான். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. ஆடுவது ஒரு வேலை, ஆடுகிறவர்களை வைத்து வேலை வாங்குவது வேறொரு வேலை. அந்த இரண்டாவது எனக்கு நன்றாக வரும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

என் லேப்டாப்பை ஸ்டேஷனுக்கு எடுத்து வந்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். திறந்து பாருங்கள், புரியும். அதில் நாம் பந்தைத் தொடுவதே இல்லை. ஒரு கால்பந்துக் கிளப்புக்கு நாம் மேனேஜர். யாரைப் பயிற்சியாளராக வைப்பது, யாரை வேலையைவிட்டு அனுப்புவது, எந்தப் பையனுக்கு என்ன பயிற்சி, யாரை இறக்குவது, யாரை வெளியே உட்கார வைப்பது, இதுதான் ஆட்டம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் வேகம், தெம்பு, மனவுறுதி என்று இருபதுக்கு மதிப்பெண் உண்டு. ஒழுங்காக வளர்த்தால் அது ஏறும். நான் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில், லாரிகளை நிறுத்திப் பாரம் பார்க்கும் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரி வராத நேரமெல்லாம் கேபினில் உட்கார்ந்து, பெயர்கூட வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுக் கிளப்பைக் கடைசிப் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏற்றினேன். வெளியிலிருந்து ஒருவனையும் கொண்டுவரவில்லை. அத்தனை பேரும் நானே வளர்த்த பையன்கள்.

பிரேம் என் மனைவி தென்றலின் தம்பி. கல்லூரியில் சேர்ந்ததும் மீன்சுருட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். சாயங்காலத்தில் பொழுது போகாமல் டவுன் டீமோடு சேர்ந்து பந்து விளையாடினான். ஒருநாள் அவனைக் கூட்டிவரப் போனபோது, இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு அவன் பந்தை வலைக்குள் தட்டியதைப் பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டிலேயே ஒருத்தன் இருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து அவனை நான் எடுத்துக்கொண்டேன். அவனுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டேன். சோற்றைக் குறைத்து முட்டையும் கொண்டைக்கடலையும் கொடுத்தேன். விடிந்ததும் தோளில் மணல் மூட்டையைக் கட்டி ஓடவிட்டு, பின்னாலேயே பைக்கில் போவேன். நின்றால் குச்சியால் ஒன்று வைப்பேன். முதுகில்தான் வைப்பேன். அவன் காலில் நான் ஒருநாளும் அடித்ததில்லை.

"அவன் முதுகப் பாத்தீங்களா? வரி வரியா கெடக்கு. படிக்க வந்த புள்ளைங்க அவன்," என்று தென்றல் அழுதாள்.

பயிற்சி விஷயத்தில் குடும்பத்தார் தலையிட்டால் பையன் கெட்டுப்போவான் என்று அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. அதனால் கொஞ்ச நாள் பிரேமின் அறையை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன்.

என் கவலை வேறு. ஒரு பையன் வளர வேண்டுமானால் அவனுக்கு ஆட வாய்ப்புக் கிடைக்க வேண்டும். வெளியே உட்காரவைத்தால் துருப்பிடித்துவிடுவான். டவுன் டீமின் பயிற்சியாளர் பாலசுந்தரம், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், பிரேமை உட்காரவைத்தார். அவன் ஆட வேண்டிய இடத்தில் சுதர்சன் என்பவனை இறக்கினார். சுதர்சன் பைக் மெக்கானிக். என் வண்டியையும் அவன்தான் பார்ப்பான். நல்ல பையன், ஆனால் வயது இருபத்தாறு. அந்த வயதுக்கு மேல் என்ன வளர்ச்சி இருக்கிறது?

பாலசுந்தரத்திடம் போய் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"தம்பி, பிரேமுக்கு ஆட்டத்துல மனசே இல்ல. பந்து வந்தா பயப்படுறான், ஒங்களத் திரும்பித் திரும்பிப் பாக்குறான். அவன வுட்டுடுங்க, படிக்கட்டும்," என்றார்.

பெரம்பலூரில் நடக்கவிருந்த போட்டிக்குச் சென்னைக் கிளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அதற்குள் இடம் காலியாக வேண்டும்.

சுதர்சன் காலையில் சுரங்கத்துச் சாலையில் தனியாக ஓடுவான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். கல் அடைத்துக்கொண்டால் நெம்புவதற்கு ஆலையில் வைத்திருக்கும் கடப்பாறையை எடுத்துப் போயிருந்தேன். முதல் அடியில் குப்புற விழுந்தான். முழங்கால் சரியாக அமையவில்லை என்பதால் அவனைப் புரட்டிப்போட்டு, காலை நீட்டிவைத்து, மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. கரும்பை முறிப்பது போலச் சத்தம் வந்தது. அவன், "அண்ணே, வேணாம்ண்ணே," என்றான். யாரென்று தெரியாமலே அண்ணே என்றான். அவ்வளவு மரியாதை தெரிந்தவன். தலையில் அடித்திருக்கலாம், நான் அடிக்கவில்லை. ஆட்டத்தில் இருந்து விலக வேண்டும் என்பதற்கு மேல் அவனிடம் எனக்கு ஒன்றும் இல்லை.

ஏதோ பெண் விவகாரம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பிரேமுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அவன் ஆடவில்லை. பந்து காலுக்கு வந்தும் மரம் மாதிரி நின்றான். பெரம்பலூரில் பாதி ஆட்டத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள், சென்னைக்காரர்கள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவனை என்ன செய்தேன் என்று தென்றல் சொல்லியிருப்பாள். நான் இரவெல்லாம் யோசித்தேன். பையன் வளராவிட்டால் கோளாறு பையனிடம் இல்லை, பயிற்சியாளரிடம். இது அந்த விளையாட்டில் நான் பலமுறை கண்ட உண்மை.

நான் தேடிப் போகவில்லை, பாலசுந்தரமே போன் செய்தார். கைவிடப்பட்ட பழைய சுரங்கத்துப் பக்கம் வரச் சொன்னேன். சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே வந்தார்.

"சுதர்சன் ஆஸ்பத்திரியில சொன்னான் தம்பி. முகத்த பாக்கல, ஆனா வண்டிச் சத்தம் ஒங்க வண்டிச் சத்தம்ங்கிறான். அவன் கை வெச்ச வண்டி, அவனுக்குத் தெரியாதா?"

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா சார்?"

"இல்ல. நீங்களே போயி சொல்லிட்டீங்கன்னா ஒங்களுக்கும் நல்லது, அந்தத் தென்றல் பொண்ணுக்கும் நல்லது. நான் கூட வரேன்."

என் தோளில் கைபோட்டார். வியர்வையும் விபூதியும் கலந்து ஒரு வாசனை அவரிடம். சுரங்கத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கீழே பச்சைத் தண்ணீர். தள்ளினேன். அவர் பாதிச் சரிவில் ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தார், தண்ணீருக்குள் போகவில்லை. இடுப்பு முறிந்திருக்க வேண்டும், கைகளால் மட்டும் மேலே ஏறப் பார்த்தார். நான் சறுக்காமல் மெதுவாக இறங்கிப் போய், சுண்ணாம்புக்கல் ஒன்றை எடுத்து அவர் தலையில் போட்டேன். மூச்சு நிற்கும்வரை போட்டேன். சட்டையெல்லாம் வெள்ளைத் தூசியும் சிவப்பும். பிறகு தண்ணீரில் உருட்டிவிட்டேன். வயதானவர், கால் தவறி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். மாலை போட நானும் போயிருந்தேன். மறுவாரம் டீமுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லையே என்று பேசியபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இனி முந்தாநாள் நடந்தது.

மத்தியானம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடையில் ஒரு லாரி, முழுப் பாரத்தோடு. நான் கேபினிலிருந்து பச்சை விளக்கைப் போட்டால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். அவர் முன்னால் பாட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரேம் எங்கிருந்தோ வந்து என் சன்னலுக்கு நேரே, பின்சக்கரத்துப் பக்கத்தில் நின்றான்.

"சுதர்சன் அண்ணன் முட்டிய ஒடச்சது நீங்கதானே மாமா?"

"வெயில்ல நிக்காத. உள்ள வா."

"பாலு சாரையும் நீங்கதானே? ஒங்களப் பாக்கப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு."

"எல்லாம் ஒனக்காகத்தான்டா பிரேமு."

"எனக்குப் பந்தப் பாத்தாலே கொமட்டுது மாமா."

செருப்பைக் கழற்றிவிட்டு வலது பாதத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான்.

"ஸ்டேஷனுக்கு வரேன்னு சொல்லுங்க, கால எடுத்துடுறேன். இல்லன்னா லாரிய அனுப்புங்க. இந்தக் காலுக்குத்தானே இவ்வளவும்?"

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் நிதானமாக யோசித்தேன். ஆட்டக்காரர்கள் மிரட்டுவது புதிதல்ல. பயிற்சிக்கு வரமாட்டேன், டீமைவிட்டுப் போகிறேன் என்பார்கள். ஒருமுறை பணிந்துபோனால் அப்புறம் மேனேஜரை ஒருவனும் மதிக்கமாட்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். மனவுறுதி அவனுக்கு எப்போதுமே குறைவு, என் கணக்கில் இருபதுக்கு ஆறோ ஏழோதான் போட்டிருந்தேன். சக்கரம் அசைந்ததும் காலை இழுத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன்.

பச்சை விளக்கைப் போட்டேன்.

அவன் இழுத்துக்கொள்ளவில்லை. சக்கரம் ஏறி இறங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியது நான்தான் என்று டிரைவர் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. மனவுறுதிக்கு இருபது போட்டிருக்க வேண்டும். அதை மட்டும் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

சுதர்சன், பாலசுந்தரம், பிரேம், மூன்றும் நான் செய்ததுதான். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தென்றல் என்னைப் பார்க்க வரமாட்டாள். நீங்கள் அவளைப் பார்த்தால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அவன் இடது காலாலும் பந்தை நன்றாக அடிப்பான். வயது இருபதுதான் ஆகிறது. யாராவது அக்கறையாகப் பார்த்துக்கொண்டால் இனிமேல்தான் அவன் வளருவான்.