பீச்சுல மாறின மாமனாரு

ஆங், இந்த வூடுதாங்க்கா. உள்ள வந்து குந்துங்க. உங்க மாமனாரு எங்கியும் ஓடிப்போவல, பின்னால கெணத்தாண்ட குளிச்சிகினு இருக்காரு. எங்க மாமனாரு அங்க ஆந்திராவுல, நகரியில உங்க வூட்ல இருக்காருன்னு சொல்றீங்க. இருக்கட்டும், பத்திரமா இருக்கட்டும். இன்னா அவசரம், மொதல்ல இந்த மோர குடிங்க.

எப்பிடி நடந்துச்சுன்னா, பள்ளிக்கூட லீவு இல்லீங்களா, புள்ளைங்க கடலு பாக்கணும்னு ஒரே ரகளை. எங்க வூட்டுக்காரரு ஆர்.கே.பேட்டையிலேர்ந்து வாடகைக்கு ஒரு அம்பாசிடர் காரு பேசி இட்டாந்தாரு. டிரைவர சேக்காம பதினோரு பேரு ஏறனோம். அந்தாளு கதவுக்கு வெளிய பாதி ஒடம்பு தொங்க ஓட்டனாரு. போற வழியில திருத்தணி மலை ஏறி, வேண்டுதலைன்னு ஆம்பளைங்க எல்லாத்துக்கும் மொட்டை. எங்க மாமனாரு மீசையும் சேத்து எடுத்துட்டாரு. அங்கதாங்க்கா வெனையே. மீசை இல்லாத அந்த மூஞ்சிய பெத்த புள்ளையே பாத்ததில்ல.

உங்களவங்களும் அன்னிக்கி அதே மலையிலதான் மொட்டை போட்டாங்களா? பாத்தீங்களா. ரெண்டு மண்டையிலயும் அதே சந்தனம். இடுப்புல அதே செவப்புக் கட்டம் போட்ட லுங்கி, நாம நெய்யறதுதானே நாம கட்றது. மெட்ராஸ் பீச்சு அலையில உருண்டு எழுந்தா எது யாரு நைனான்னு எவன் கண்டான்? பொழுது சாயற நேரம், எங்க வூட்டுக்காரரு கைக்கு ஆப்ட்ட மொட்டைங்கள எல்லாம் இஸ்துகினு வந்து கார்ல அடைச்சாரு. தலைய எண்ணனாரு, சரியா இருந்துச்சு, கெளம்பிட்டோம்.

உங்க மாமனாரு ஏன் வாயத் தொறக்கலன்னா? நானும் கேட்டேங்க்கா. மரியாதையா கூப்ட்றாங்க, ஏறாம நின்னா நல்லாவா இருக்கும்னாரு.

எங்க சின்னது, காஞ்சனா, அது மட்டும் இது நம்ம தாத்தா இல்லன்னு திருவள்ளூரு வரைக்கும் அழுதுகினே வந்துச்சு. மொட்டை போட்டா அப்பிடித்தான் இருக்கும்னு அதட்டி உட்டுட்டாங்க. மறுநா காலையில பாத்தா, உங்க மாமனாரு எங்க தறியில குந்தி அவரு பாட்டுக்கு நெய்யறாரு. எங்க வூட்டுக்காரருக்கு பூரிப்பு தாங்கல. நைனாவுக்கு கடல் காத்து ஒத்துகிச்சி, சண்டையே போடறதில்லன்னு தெருவெல்லாம் சொல்லிகினு திரியறாரு. வாயத் தொறந்தா தெலுங்காவே வருதேன்னு கேட்டேன். உப்புத்தண்ணி குடிச்சா நாக்கு அப்பிடித்தான் பொரளும்ன்றாரு.

எங்க மாமனாரு அங்க எப்பிடி இருக்காரு? சோத்துத் தட்ட வாசல்ல எறிஞ்சாரா? கொழம்புல உப்பு பத்தலன்னா? அப்ப அவரேதான், சந்தேகமே இல்ல. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அந்தத் தட்டப் பொறுக்கிகினு வர்றவங்க்கா நானு.

கோச்சுக்காம ஒண்ணு கேக்கறேன். உங்க மாமனாரு இன்னும் ரெண்டு நா இங்கியே இருக்கட்டுமே. நான் ஒரு கொறையும் வெக்கமாட்டேன். இன்னாது, எங்க மாமனார இன்னொரு வேளை கூட வச்சிக்க முடியாதா? அதுவும் நாயந்தான். உங்கள குத்தம் சொல்லமாட்டேன்.

இல்லீங்க்கா, கண்ணுல தூசி எல்லாம் இல்ல. அன்னிக்கி திருவள்ளூரு தாண்டனதும் கார்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. உங்க மாமனாரு மடியிலேர்ந்து சுண்டல் பொட்டலத்த எடுத்து, பாதிய என் கையில வச்சி, நுவ்வு தின்னாவாம்மான்னாரு. நீ சாப்ட்டியான்னு இந்த வூட்ல என்ன ஒருத்தரும் கேட்டதில்லீங்க. அழுகையே வந்துடுச்சு எனக்கு.

அதோ, குளிச்சிட்டு வர்றாரு. கத்திரிக்கா கொழம்பு வச்சிருக்கேன், ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு போங்க. நான் தடுக்கல. எங்காளையும் கொணாந்து உட்டுடுங்க. ஆனா உங்க மாமனாரு மேல ஒரு கோவமும் வச்சிக்காதீங்க, அவரு மேல தப்பில்ல. அன்னிக்கி புள்ள அழுதுச்சே, வாய மூடுடின்னு மொதல்ல அதட்டனது நாந்தாங்க்கா.