மாத்திரையா, விரதமா

2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை. வழக்கம்போல் தேக்கா சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆங் மோ கியோ செல்லும் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் முழங்காலைத் தடவியபடி சொன்னார்: "வலியே இல்லக்கா. ஆனா நான் சாப்பிடுறது மருந்தா, வெறும் மாவான்னு டாக்டருக்கே தெரியாது."

"அது என்னடி அப்படி ஒரு டாக்டர்?"

"மருந்து ஆராய்ச்சி லா. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு. யாருக்கு எதுன்னு கடைசியிலதான் சொல்வாங்க."

"தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுத்தியே, அதை டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல. சொல்லி, என்னை ஆராய்ச்சியில இருந்து நிறுத்திட்டா? மாத்திரை போயிடும், வலி திரும்பிடும்."

"அப்ப வலி எதால போச்சுன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? முருகனும் பாதிப் பேருக்குத்தான் அருள் கொடுத்தாரா?"

இருவரும் சிரித்தார்கள். இரண்டு நிறுத்தம் கழித்து இளையவர் சொன்னார்:

"திங்கட்கிழமை நர்ஸ்கிட்ட சொல்லிடறேன்கா. வலி வந்தா வரட்டும். என்னால அவங்க கணக்கு தப்பாகக் கூடாது."

"முருகனை அவங்க ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?"

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களான்னு ஒரு கட்டம் இருக்குக்கா."

ஞாயிறு காலை எழுந்ததும் முதலில் என் இரத்த அழுத்த மாத்திரையை எடுத்தேன். அட்டையில் இருந்த பெயரைப் படித்த பிறகே விழுங்கினேன்.