வேலையை விட்டு நிறுத்த ஒரு நல்ல வார்த்தை

எழிலரசி: சரசாக்கா, அடுப்ப அணைச்சிட்டு வந்து இப்படி உக்காருங்களேன்… தரையில இல்லக்கா, நாற்காலில.

சரசா: சட்னிக்குத் தாளிக்கணும் கண்ணு.

எழிலரசி: அப்புறம் தாளிக்கலாம். இப்ப நீங்க கொஞ்சம் நடிக்கணும்.

சரசா: இன்னாது? நடிக்கணுமா? சீரியலா எடுக்கப் போற?

எழிலரசி: எங்க ஆபீஸ்ல ஒருத்தர வேலைய விட்டு நிறுத்தணும். நான்தான் சொல்லணும். மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறேன். நீங்கதான் அந்த ஆளு.

சரசா: அவ்ளோதானே? ரெடி. தூக்கு.

எழிலரசி: வணக்கம். எங்கள் நிறுவனம் தங்களைப் பணியிலிருந்து விடுவிக்கிறது…

சரசா: விடுவிக்கிறியா? நான் இன்னா புழல் ஜெயில்லயா கீறேன்?

எழிலரசி: சிரிக்காதீங்கக்கா! சரி, இது எப்படி? "மறுசீரமைப்பு காரணமா உங்க இடம் இனிமே இல்ல."

சரசா: எங்க தெருவுலயும் சீரமைப்புன்னுதான் போர்டு வெச்சானுங்க. நட்ட நடுவுல பள்ளம் நோண்டி வுட்டு ரெண்டு வருசமாவுது.

எழிலரசி: அப்ப நீங்களே சொல்லுங்க. உங்க பக்கம் எப்படிச் சொல்வாங்க?

சரசா: எங்க பக்கமா? கல்தா குட்த்துட்டான். சீட்ட கிழிச்சிட்டான். ஊட்டுக்கு அனுப்சிட்டான்… எங்க ஊட்டுக்காரு எஸ்டேட்ல ஒரு கம்பெனில லேத்து மிசினு ஓட்டிகினு இருந்தப்ப, ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லல. காலைல கேட்டாண்ட போனா வாச்மேன் சொல்றான், "அண்ணாத்தே, லிஸ்ட்ல உன் பேரு இல்ல"ன்னு. டிபன் பாக்ஸோட திரும்பி வந்தாரு.

எழிலரசி: ஐயோ… வந்து என்ன சொன்னாரு?

சரசா: "சோறு இன்னும் சூடா கீது, வா சாப்டலாம்"னாரு.

எழிலரசி: டிபன் பாக்ஸகூட தொறக்காமலா வந்தாரு…

சரசா: ஏ, கண்ணு கலங்கிகினு… அது எப்பவோ நடந்தது. இப்ப ஆட்டோ ஓட்டிகினு ராஜா மாரி கீறாரு. நீ உன் ஆளுக்கு வா. ஆம்பளயா, பொம்பளயா?

எழிலரசி: பொம்பள.

சரசா: வேலைல எப்டி?

எழிலரசி: தங்கம். ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட சொல்லாம லீவு போட்டதில்ல. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப கஞ்சி வெச்சு, பக்கத்துலயே உக்காந்து…

சரசா: ஆபீஸ்லயா கஞ்சி வெச்சா?

எழிலரசி: அது… வந்து…

சரசா: எழிலு, என் மூஞ்சிய பாரு. அந்தப் பொம்பள நானா?

எழிலரசி: உங்க மேல ஒரு குறையும் இல்லக்கா. என்னைத்தான் மொதல்ல தூக்கிட்டாங்க. மூணு வாரம் ஆச்சு.

சரசா: அப்ப தெனம் பைய மாட்டிகினு கெளம்புறியே?

எழிலரசி: கொரட்டூர் ஏரிக்கரைல போய் உக்காந்துட்டு வரேன். உங்க கிட்டச் சொன்னா, சம்பளமே வேணாம்னுட்டு நீங்க பாட்டுக்கு வந்து சமைப்பீங்க. அதுக்குப் பயந்துதான்… என்னக்கா இது? சிரிக்கிறீங்க?

சரசா: இரு… இரு கண்ணு… வயிறு நோவுது…

எழிலரசி: நான் இங்க அழுதுட்டிருக்கேன்!

சரசா: நானும் பத்து நாளா உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்னு வர்றேன், வாயே வரல. அதான் சாம்பார்ல ரெண்டு கரண்டி உப்ப அள்ளிப் போட்டேன். நீயே "நாளேலேர்ந்து வராத"ன்னுடுவேன்னு பாத்தேன்.

எழிலரசி: அடப்பாவி அக்கா! வேணும்னேவா போட்டீங்க? உங்கள நிறுத்தப் போறோமேன்னு மனசு உறுத்தி, நான் ரெண்டாவது தடவ வேற ஊத்திச் சாப்பிட்டேன்!

சரசா: சாப்ட்டு "சூப்பர்க்கா"ன்னியே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இன்னாடா இது, இந்தப் பொண்ணுக்கு நாக்கு செத்துப்போச்சான்னு ஊட்டுக்காராண்ட சொல்லிச் சொல்லி…

எழிலரசி: பேச்ச மாத்தாதீங்க. எதுக்கு நிக்கப் பாத்தீங்க? வேற வீடு கெடச்சிடுச்சா?

சரசா: ஊடு இல்ல…

எழிலரசி: உடம்புக்கு ஏதாவதா? சொல்லுங்கக்கா, பயமா இருக்கு.

சரசா: ஒடம்பு கல்லு மாரி கீது. எஸ்டேட்ல ஒரு கம்பெனி கேன்டீன நானும் ஊட்டுக்காரும் எடுத்துகீறோம் கண்ணு. திங்கக்கெயம தொறக்குறோம், நூத்தி இருவது பேருக்குச் சாப்பாடு. சமைக்க ஆளு கீது, பரிமாற ஆளு கீது. ஆபீசருங்களாண்ட பேசி, இங்கிலீசுல எய்திக் குடுக்கத்தான் ஆளு இல்ல. எழிலு மாரி ஒருத்தி கெடச்சா நல்லாருக்கும்னு நேத்துகூட பேசிகினோம். பெரிய வேலைல கீற பொண்ணாச்சே, எப்டிக் கேக்குறதுன்னு வுட்டுட்டேன்… நீ வர்றியா?