வெட்டாமல் போட்ட வீடியோ

அவையோரே, அமைதி. அதிமுக்கியமான ஓர் அறிவிப்பு. நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஒரே காரினுடைய இடப்பக்க வைப்பர், தன் நெடுநாள் மௌனத்தைக் கலைத்து, இன்று பிற்பகல் தானாகவே ஒருமுறை அசைந்தது. ஏன் அசைந்தது, யார் சொல்லி அசைந்தது, மறுபடியும் அசையுமா என்பதெல்லாம் விசாரணையில் இருக்கிறது. மழையில்லாத நாளில் அசைந்ததால் பயன் எதுவும் இல்லைதான். ஆனாலும் அசைந்தது அசைந்ததுதான். இந்த வரலாற்றுச் செய்தியை உங்கள் முன் வைத்துவிட்டு என் உரைக்குள் நுழைகிறேன்.

கிளட்ச் தட்டுகளை மாற்றி மாற்றியே கைரேகை தேய்ந்துபோய், தன் போனையே திறக்க முடியாமல் மகளைக் கூப்பிடும் மாண்புமிகு விழாத் தலைவர், மெக்கானிக் அண்ணன் அவர்களே. உரிமம் வாங்கிப் பல்லாண்டு ஆகியும், வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் மனைவியை இறங்கிப் பார்க்கச் சொல்லும் மூத்தோர்களே. அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையர்களே. விழா முடிவில் ஐஸ்கிரீம் உண்டு என்று நம்பி வந்திருக்கும் இளையோரே, அந்த வதந்தியைக் கிளப்பியவன் நான்தான், மன்னியுங்கள். மேடையோரம் கைகட்டி நின்று, இவன் எப்போது உளறப் போகிறான் என்று காத்திருக்கும் என் உடன்பிறந்தவளே, இப்பள்ளியின் நிறுவனரே, ஆசிரியையே, ஒரே ஊழியரே, என் அக்காவே. இன்று உரிமம் கையில் வாங்கிய அத்தனை புதிய ஓட்டுநர்களே. உங்கள் எல்லோருக்கும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு செம்மாந்த வணக்கம்.

இணையத்தில் இத்தனை பேரைச் சேர்த்தாயே, அதில் என்ன கற்றாய் என்று சொல்லிவிட்டு இறங்கு என்பது அக்காவின் ஆணை. சொல்கிறேன். ஆனால் இறங்குவது என் விருப்பம்.

ஒரு காலத்தில் என்னைப் பின்தொடர்ந்தவர் யார்? தெருமுனை நாயும் வேதியியல் ஆசிரியரும். இரண்டிடமிருந்தும் நான் ஓடியே தப்பினேன். இன்று? இந்த மண்டபத்தை நிரப்பி, மாடியை நிரப்பி, வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாமல் வழியும் அளவுக்கு ஆட்கள். கிளட்ச் என்றால் என்ன என்று தேடுங்கள், என் முகம் வரும். கியர் எப்படி மாற்றுவது என்று தேடுங்கள், என் மூக்கு வரும். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உத்தமன் உங்கள் முன் நிற்கிறேன். கைதட்டுகிற இடம் இது. பரவாயில்லை, யோசித்துத் தட்டுங்கள்.

இந்தப் பெருங்கூட்டத்தின் முதல் ஆள் என் அம்மா. இரண்டாவது ஆள் என் அம்மாவின் பழைய போன். மூன்றாவதாக வந்தவர் அப்பா. அவர் அன்பினால் வரவில்லை, ஆராய்ச்சிக்காக வந்தார். நான் போட்ட ஒரு வீடியோவுக்குக் கீழே, ஊரே பார்க்க, பின்னாடி தெரியுற சுவர் உன் காலேஜ் சுவர் மாதிரி இல்லையே என்று எழுதினார். அந்த ஒரு வரிக்கு என் வீடியோவைவிட அதிக லைக் விழுந்தது. அம்மா, அப்பா, பழைய போன், மூவருக்கும் முதல் நன்றி. யாருமே பார்க்காத நாளில் பார்த்தவர்கள் நீங்கள்.

எனக்குக் கூட்டம் கூடத் தொடங்கியது குறும்பால். நிறுத்தி வைத்த காரின் பின்சீட்டில் ஒளிந்துகொண்டு, வழிகாட்டும் செயலியின் குரலில், ‘அடுத்த திருப்பத்தில் உங்கள் மாமியார் வீடு, திரும்பிப் போய்விடுங்கள்’ என்று ஸ்பீக்கரில் நான் சொன்னதும், ஓட்டப் பழக வந்த புது மாப்பிள்ளை உண்மையிலேயே இறங்கி நடந்தார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவரும் சிரித்தார். அதோ, மூன்றாம் வரிசையில் இப்போதும் சிரிக்கிறார். பக்கத்தில் மாமியார் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டார்.

சிரிப்பு ஏற ஏற எண்ணிக்கை ஏறியது. எண்ணிக்கை ஏற ஏற எனக்குத் தலைக்கனம் ஏறியது. தலைக்கனம் ஏறியவன் என்ன செய்வான்? அடுத்தவர் தலையில் ஏறுவான். நான் ஏறினேன். யார் தலையில் என்பதை, அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இங்கே சொல்கிறேன்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஓர் அம்மையார் நம் பள்ளியில் சேர்ந்தார். நாள் முழுக்க நீராவியில் நின்று, நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. அவர் வீடு திரும்புவதற்குள் மகள் தூங்கியிருப்பாள். மகள் படிக்கிற பள்ளியில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். ‘உரிமம் வாங்கிட்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான்’ என்று வேன் பொறுப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். கிடைத்தால், மகளோடு போய் மகளோடு வரலாம். அவருக்கு அந்த உரிமம் வெறும் அட்டை இல்லை, ஐயா. அது மகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விளக்கம். பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று ஆசிரியர் காலடியில். ஆசிரியர் சட்டென்று அழுத்தினால் வண்டி குலுங்கி, என்ஜின் அணைந்துவிடும். பழகுகிறவருக்கோ, தானே ஏதோ கெடுத்துவிட்டோம் என்று தோன்றும். அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். தன் பிரேக்கை அழுத்தினால், ‘நான்தான் பிடிச்சேன்’ என்று வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் அவள் அடுத்த கியருக்குப் போனதே இல்லை.

அன்று சந்துக்குள்ளிருந்து ஒரு குழந்தை சைக்கிளோடு பாய்ந்தது. அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி, குமுறி, விக்கி, நின்றது. அக்கா கண்ணாடியை இறக்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், அம்மையார் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, ‘எழுந்திரு கண்ணு, எழுந்திரு, ஸ்கூலுக்கு நேரமாச்சு’ என்று காரைக் கொஞ்சினார். பிறகுதான் அக்கா திரும்பி, ‘நான்தான் பிடிச்சேன், உங்க மேல தப்பில்ல’ என்றாள்.

பின்சீட்டில் இருந்த என் போன் எல்லாவற்றையும் பார்த்தது. நான் என்ன செய்தேன்? சைக்கிளை வெட்டினேன். அக்கா சொன்னதையும் வெட்டினேன். குலுங்கலையும் கொஞ்சலையும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஏன் வெட்டினேன்? நீளமாக இருந்ததாம். சிரிப்பு குறைந்ததாம். முகம் தெரியவில்லையே, பின்தலைதானே தெரிகிறது, அவரிடம் கேட்பானேன் என்று எனக்கு நானே தீர்ப்பும் வழங்கிக்கொண்டேன்.

வைரல் என்றால் வைரல், அப்படி ஒரு வைரல். ஒரே நாளில் என் கூட்டம் இரட்டிப்பானது. யாரோ அவருக்குக் ‘குலுக்கல் ராணி’ என்று பட்டம் சூட்டினார்கள். நான் அதற்கும் லைக் போட்டேன். முகம் தெரியாவிட்டால் என்ன, குரல் தெரியுமே. மகளின் வகுப்பில், அந்தப் பிள்ளை பதில் சொல்ல எழும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு கூட்டம், எழுந்திரு கண்ணு, எழுந்திரு என்றது. பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்றது. வேன் பொறுப்பாளரும் வீடியோவைப் பார்த்திருந்தார். பெற்றோர்களும் பார்த்திருப்பார்களே, எப்படி வேனைக் கொடுப்பது என்று இழுத்தார். அம்மையார் நம் வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பின்வரிசையில் யாரோ, உன்னை உதைத்திருக்க வேண்டும் என்கிறார். வரிசையில் வாருங்கள் அண்ணே. முதல் இடம் என் அக்காவுக்கு. ஆனால் அவள் கை ஓங்கவில்லை. கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான் பிடிச்சேன்னு ஒவ்வொரு தடவையும் எதுக்குடா சொல்றேன்? சொல்லலைன்னா அவங்க வீட்டுக்குப் போயும் தன் காலையே திட்டிட்டு இருப்பாங்க. நீ அதை மட்டும் பார்த்து வெட்டியிருக்க.”

அவ்வளவுதான். அதற்கு உதையே மேல்.

சலவைக்கூடத்துக்குப் போனேன். மருத்துவமனையின் அடித்தளம். மனிதன் உள்ளே நின்று குளிக்கிற அளவுக்குப் பெரிய இயந்திரங்கள். சூடான துணியின் வாசம். அவர் ஒரு பெரிய விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறுமுனையை என் கையில் கொடுத்தார். நான்கு மூலையில் எது என் மூலை என்பதே எனக்கு விளங்கவில்லை. முறுக்கினேன், சுருட்டினேன், கடைசியில் நானே உள்ளே போனேன். அவர் பொறுமையாகப் பிரித்து, மறுபடியும் முனையைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுத்துட்டா? பார்த்தவங்க மனசுல இருக்கிறதை யார் எடுப்பா தம்பி?”

விரிப்பின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“உன் ஆளுங்க அத்தனை பேரையும் கூப்பிடு. நான் ஓட்டுறேன். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் காட்டு, நடுவுல எதையும் வெட்டாதே. நான் தப்புப் பண்ணினா அதுவும் இருக்கட்டும்.”

முதலில் அந்தப் பழைய காட்சியை, சைக்கிளோடும் அக்காவின் சொல்லோடும், முழுசாகப் போட்டேன். வெட்டியது நான்தான் என்று எழுதினேன். அடுத்து வந்த விடுமுறை நாளில் நேரலை. அம்மையார் ஸ்டியரிங்கில், அக்கா பக்கத்தில், நான் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு. என் வாழ்நாள் சாதனை அது.

வெட்டாத வீடியோ எப்படி இருக்கும் தெரியுமா? சிக்னலில் நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். முன்னால் ஒரு லாரியின் பின்பக்கம் தெரியும். லாரியின் பின்பக்கமே தெரியும். சிரிக்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுக் கிளம்பினார்கள். எண்ணிக்கை, அடியில் ஓட்டை விழுந்த தொட்டி மாதிரி இறங்கியது. பொய் சொல்லவில்லை, அந்த நேரத்திலும் எனக்கு எண்ணிக்கைதான் கண்ணில் பட்டது.

ஆனால் சிலர் போகவில்லை. ஒரு லாரி ஓட்டுநர், ‘அவசரமே இல்லம்மா, பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் வீட்டுக்குப் போய் டிவிதான் பார்க்கப் போறான்’ என்று எழுதினார். உரிமம் வாங்கியும் பயந்து வண்டியைத் தொடாத ஒரு செவிலியர், ‘நானும் உங்க கூடவே ஓட்டுறேன், சோபாவுல உட்கார்ந்து’ என்று எழுதினார். மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் நின்றன. நாமும் நின்றோம். பின்னால் ஒரு பேருந்து, முட்டும் தூரத்தில். வரிசை நகர்ந்தது. கார் ஒரு சாண் பின்னால் சரிந்தது. நான் கண்ணை மூடினேன். அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூச்சு வாங்கி, கிளட்சை மெல்ல விட்டு, பயப்படாதே கண்ணு, நான் இருக்கேன் என்று காரிடம் சொன்னார். ஏறியது ஐயா. குலுங்காமல் குமுறாமல், குழந்தை மடியில் ஏறுகிற மாதிரி ஏறியது.

அந்த முழு ஓட்டத்திலும் அக்கா ‘நான்தான் பிடிச்சேன்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அந்த வீடியோவை யாரோ ஒரு பெற்றோர் வேன் பொறுப்பாளருக்கு அனுப்பினார். அவர் லாரியின் பின்பக்கம் உட்பட முழுவதும் பார்த்தாராம். தேர்வில் தேறினால் வேன் அவருக்குத்தான் என்று மறுபடியும் வாக்குக் கொடுத்தார். அம்மையார் தேறினார். இன்று இந்த மேடையில் முதல் உரிமம் வாங்கியவர் அவர். நேற்று பள்ளி மைதானத்துக்குள்ளேயே ஒத்திகைக்காக வேனை எடுத்தபோது, உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, எழுந்திரு கண்ணு என்று வண்டியை எழுப்பினார்களாம். முதல் குரல் கொடுத்தது அவர் மகள். அம்மையாரே, முன்வரிசையில் கண்ணைத் துடைக்காதீர்கள், நான் இன்னும் சோகமான இடத்துக்கே வரவில்லை.

நான் கற்றது என்ன, பெரியோர்களே? கூட்டம் என்பது யார்? சிரிக்க வந்து, சிரித்துவிட்டு, அடுத்த சிரிப்புக்குத் தாவினார்களே, அவர்களா? இல்லை. சிக்னலில் கூடவே நின்றார்களே, அவர்கள். லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கூட வந்தார்களே, அவர்கள். முகம் தெரியாத ஒரு பெண் ஏற்றம் ஏற வேண்டுமே என்று, எங்கோ ஓர் ஊரில் சோபாவில் உட்கார்ந்து காலால் தரையை அழுத்தினார்களே, அவர்கள். அவர்கள் வெறும் எண்ணிக்கை இல்லை, துணை. அவர்கள்தான் பிறகு தங்கள் பயத்தை எனக்கு எழுதினார்கள். அவர்கள் கேட்கக் கேட்க நான் அக்காவிடம் கேட்டேன், அக்கா சொல்லச் சொல்ல நான் சொன்னேன். போன கூட்டம் திரும்ப வந்தது, இந்த முறை கற்றுக்கொள்ள வந்தது. அந்த லாரி அண்ணனுக்கு நன்றி. சோபாவில் ஓட்டிய செவிலியருக்கு நன்றி, அவர் சென்ற வாரம் தெருவில் ஓட்டினாராம். என்னை அடிக்காத அக்காவுக்கு நன்றி. விரிப்பின் மறுமுனையை என்னை நம்பிக் கொடுத்த அம்மையாருக்கு, கைகூப்பி, தலை குனிந்து நன்றி.

முடிக்கலாமா? அக்கா மேடையோரம் சிரிக்கிறாள். அவள் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு இறங்குடா என்கிறாள்.

சொல்கிறேன். சென்ற மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. இன்று காலை என் ஓட்டுநர் தேர்வு. தேர்வாளர் வண்டியை எடு என்றார். நான் பழக்க தோஷத்தில், போன் இல்லாத முன்கண்ணாடியைப் பார்த்து, ‘வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு நாம பார்க்கப் போறது’ என்று ஆரம்பித்தேன். நண்பர்கள் யார் என்று அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தக் கோட்டில் எப்படி நிற்க வேண்டும் என்று விரிவாக, விளக்கமாக, கையை வேறு ஆட்டி விளக்கிக்கொண்டே, நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போனேன்.

ஆகவே, உரிமம் இல்லாத ஒருவன், உரிமம் பெற்ற உங்கள் அனைவரையும் மனதார வாழ்த்தி விடைபெறுகிறேன். போகிற வழியில் யாராவது என்னை வீட்டில் இறக்கிவிட்டால் அவர்களுக்கும் நன்றி. வணக்கம்.